கொதிநீரிலும் குலையாத எஸ்எஸ்பி

டிஎன்ஏவைச் சூடாக்கியும் ஆற்றியும் பல மடங்காக நகலெடுக்கும் பிசிஆர் முறை பற்றிப் பேச்சு வந்தாலே, அந்தச் சூட்டைத் தாங்கி நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதியைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். நியாயம்தான். தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் பிரித்தெடுத்து 1969-இல் அறிவித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாதான் அந்த நொதியைக் கொடுத்தது. ஆனால் அதே பாக்டீரியாவுக்குள் இன்னொரு அருமையான புரதமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். ஒற்றை இழை டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் புரதம், சுருக்கமாக எஸ்எஸ்பி.

டிஎன்ஏ நகலாகும்போதும் பழுதுபார்க்கப்படும்போதும் இரண்டு இழைகளும் பிரிந்தாக வேண்டும். பிரிந்த இழை சும்மா இருக்காது, தனக்குள்ளேயே மடிந்து ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் டிஎன்ஏவை வெட்டும் நொதிகளான நியூக்ளியேஸ்கள் அதை வெட்டிவிடும். எஸ்எஸ்பி அதன்மேல் படிந்து இழையைக் காக்கிறது. அதோடு, அங்கே வேலை செய்ய வேண்டிய மற்ற புரதங்களைத் தன் வால்முனையால் கூட்டியும் வருகிறது.

சரி, தெர்மஸ் வாழும் 70 டிகிரி சூட்டில் அந்த மடிப்புகள் பெரும்பாலும் தானாகவே பிரிந்துவிடுமே, அங்கே இது எதற்கு? சூட்டில் ஒற்றை இழையின் பாடு இன்னும் மோசம் என்பதுதான் பதில். டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் சிதைந்து, டிஎன்ஏவில் இருக்கக்கூடாத யுராசிலாக மாறுவது இரட்டை இழையில் நடப்பதைவிட ஒற்றை இழையில் நூறு மடங்குக்கும் மேல் வேகம், வெப்பம் ஏற ஏற அது இன்னும் கூடும். அதனால் நகலெடுப்பும் பழுதுபார்ப்பும் சட்டென்று முடிய வேண்டும், அதற்கு எஸ்எஸ்பி வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் கட்டமைப்புதான். ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் குடல் பாக்டீரியாவான ஈ.கோலையின் எஸ்எஸ்பியில் ஒரே மாதிரியான நான்கு அமினோ அமிலச் சங்கிலிகள், சங்கிலிக்கு ஒன்றாக டிஎன்ஏவைப் பற்றும் ஓபி மடிப்பு என்ற பகுதி. தெர்மஸில் இரண்டே சங்கிலிகள், ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு மடிப்புகள். ஆக இரண்டிலும் கணக்கு நான்குதான்! இதைப் பார்த்ததும் இரண்டு சங்கிலி அமைப்புதான் வெப்பத்தைத் தாங்கும் ரகசியம் என்று தோன்றும். அப்படி இல்லை. கதிர்வீச்சைத் தாங்குவதற்குப் பேர்போன டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் 30 டிகிரியில் நன்றாக வளரும் பாக்டீரியா, அதன் எஸ்எஸ்பியும் இதே அமைப்புதான். தெர்மஸுக்கு அது நெருங்கிய உறவு, அதனால் இது குடும்ப வழக்கம், வெப்பத்துக்காக வந்ததல்ல. மறுபக்கம், இத்தாலியின் வல்கானோ தீவில் சூடான கடல் வண்டலிலிருந்து பிரித்தெடுத்த தெர்மோடோகா மாரிட்டிமா 80 டிகிரியில் செழிப்பது, அதன் எஸ்எஸ்பி ஈ.கோலையைப் போலவே நான்கு சங்கிலிகள் கொண்டது. சங்கிலிக்கு 141 அமினோ அமிலங்கள்தான், ஈ.கோலையில் 177. அந்தச் சின்னப் புரதம் 100 டிகிரியில் மணிக்கணக்கில் செயல் இழக்காமல் நிற்கிறது, சாதாரணப் புரதமாக இருந்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெந்து திரிந்துபோயிருக்கும்.

அப்படியென்றால் உறுதி எங்கிருந்து வருகிறது? வெப்பம் விரும்பும் உயிரிகளின் புரதங்களில் பொதுவாகப் பார்ப்பது சின்னச் சின்ன மாற்றங்கள்: எதிர்எதிர் மின்சுமையுள்ள அமினோ அமிலங்களுக்கு இடையே கூடுதல் பிணைப்புகள், ஆடும் வளைவுகள் குட்டையாவது, அங்கங்கே புரோலின் என்ற அமினோ அமிலம் வந்து இறுக்குவது, சூட்டில் எளிதில் சிதையும் ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் குறைவது. பெரிய மாற்றம் ஒன்றுமில்லை, எல்லாம் சேர்ந்துதான் பலன்.

ஆய்வகத்தில் இதைத் தயாரிப்பதும் சுகம். மரபணுவை ஈ.கோலைக்குள் வைத்து வளர்த்து, செல்களை உடைத்து, சாற்றைச் சூடாக்கினால் ஈ.கோலையின் சொந்தப் புரதங்களில் பெரும்பகுதி திரிந்து அடியில் தங்கிவிடும், நமக்கு வேண்டியது மேலே தெளிவில் இருக்கும். பிசிஆரில் சேர்த்தால், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறையும், முடிவைப் பார்க்கும்போது தெரியும் தேவையற்ற பட்டைகளும் குறையும். 65 டிகிரி வாக்கில் ஒரே வெப்பநிலையில் டிஎன்ஏவை நகலெடுக்கும் லாம்ப் முறையிலும் பயன்படுத்துகிறார்கள். அளவில் மட்டும் கவனம் வேண்டும். அதிகமாகப் போட்டால் பிரைமரும் ஒற்றை இழைதானே, அதையும் நகலெடுக்க வேண்டிய வார்ப்பு இழையையும் எஸ்எஸ்பி மூடிக்கொள்ளும், வினையே நின்றுவிடும். அதனால் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள், எஸ்எஸ்பி சேர்க்காத ஒரு குழாயையும் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள்.