ஆண்டுத் தேவை: 2

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டில் எலக்ட்ரானிக் போர்டு டிசைன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதியம் ஐசி, அதாவது சிப், செய்யும் ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரிவிலிருந்து போன். "வருஷத்துக்கு 10,000 பீஸ் தேவைன்னு சாம்பிள் கேட்டிருக்கீங்க. புராஜெக்ட் எந்தக் கட்டத்துல இருக்கு?" என்றார். எங்களிடம் மாதம் 40 போர்டு வெளியே போனாலே அது பெரிய மாதம்.

விசாரித்தால், எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த காட்பாடிப் பையனின் வேலை. கெட்ட பையன் இல்லை. பெட்டி நிறைய இப்படி இலவச சாம்பிளாக வாங்கிய ஐசிகள் வைத்திருந்தான். பாதிக்கு என்ன உபயோகம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. "எல்லாரும் இப்படித்தான் சார் எழுதறாங்க. ஃப்ரீதானே" என்றான்.

அந்த "ஃப்ரீதானே"தான் என்னை உறுத்தியது. சாம்பிள் படிவத்தில் கம்பெனி பெயர், செய்யப்போகும் பொருள், ஆண்டுத் தேவை எல்லாம் கேட்பது சும்மா இல்லை. நாளைக்கு ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில்தான் ஐசியும் கூரியர் செலவும் அவர்கள் கையிலிருந்து போகின்றன. பொய்யான எண்ணை நம்பி ஒருவர் நேரம் ஒதுக்கிப் போன் செய்கிறார். அப்புறம் உண்மையிலேயே தேவைப்படும் சின்ன யூனிட் கேட்கும்போது சந்தேகப்படுகிறார். எங்களுக்கே அது நடந்தது. அடுத்த இரண்டு கோரிக்கைகளுக்குப் பதிலே வரவில்லை.

அன்று மாலை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, போன் செய்தவருக்கு முதலில் உண்மையைச் சொல்லி மெயில் எழுதச் சொன்னேன். பிறகு அவன் நிஜமாகவே செய்ய நினைத்த பவர் சப்ளைக்கு இரண்டு கம்பெனிகளில் புதிதாகப் படிவம் நிரப்பினோம். மாணவன், சொந்தமாகக் கற்க, உற்பத்தி கிடையாது, ஆண்டுத் தேவை 2. ஒரு கம்பெனி மறுத்துவிட்டது. இன்னொன்று அனுப்பியது. மறுத்ததைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் வாங்கிக்கொண்டான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. கம்பெனிகள் தரும் இலவசத்தில் பெரியது ஐசியே இல்லை, ஐசியின் விவரங்களும் வரம்புகளும் சொல்லும் டேட்டா ஷீட்டும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் அப்ளிகேஷன் நோட்டும்தான். எத்தனை பேர் எடுத்தாலும் அவை குறையாது. அனலாக் டிவைசஸ் என்ற ஐசி கம்பெனி தரும் எல்டிஸ்பைஸ் மென்பொருளும் அப்படித்தான். காசில்லாமல் சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பையன்கள் டேட்டா ஷீட்டில் ஐசியின் எந்தக் கால் எதற்கு என்று பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். வெப்பம் பற்றிய பகுதிதான் நம் ஊருக்கு உயிர். வோல்டேஜைக் குறைத்து நிலையாகத் தரும் எல்எம்317 ஐசியில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி 1 ஆம்பியர் எடுத்தால் 7 வாட் சூடாகவே போகும். அட்டவணையில் பல எண்கள் 25 டிகிரிக்குச் சொன்னவை. வேலூரில் மே மாத மதியம் 40-ஐத் தாண்டும், மூடிய பெட்டிக்குள் இன்னும் மேலே. சூட்டை வெளியே கடத்தும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கின் கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும். அவனோடு அந்த நாலு பக்கத்துக்கே இரண்டு சாயங்காலம் போனது. எனக்கு அது சந்தோஷமான வேலை.

சத்துவாச்சாரியில் அவன் அக்கா வீட்டு மொட்டை மாடி அறையில்தான் அந்தப் பவர் சப்ளையைக் கட்டினான். மே மாதத்தில் ஒரு மதியம் இரண்டு மணி நேரம் லோடு போட்டு, ஹீட் சிங்க்கின் சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைத்தான். அந்தத் தாளைப் படமெடுத்து, சாம்பிள் அனுப்பிய கம்பெனிக்கு நன்றியோடு மெயில் போட்டான். யாரும் கேட்கவில்லை, பதிலும் வரவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த ஐசிகளைத் தன் கல்லூரி லேபுக்குக் கொடுத்துவிட்டதாக அப்புறம் சொன்னான்.