சான்செஸுக்கு அவசரமே கிடையாது

சால்வடோர் சான்செஸ் பேரைச் சொன்னால் போதும், பழைய பாக்ஸிங் பார்க்கிற யாரும் "பாவம், 23 வயசிலேயே போயிட்டான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். செத்த விதத்தையே பேசிப் பேசி, அந்த ஆள் சண்டை போட்ட விதத்தைப் பாதிப்பேர் கவனிக்காமலே விட்டுவிட்டார்கள்.

மெக்சிகோவில் சாந்தியாகோ தியாங்கிஸ்தென்கோ என்ற ஊர்க்காரர். பிறந்தது 1959 ஜனவரி. பதினாறு வயதிலேயே காசுக்குச் சண்டை போட இறங்கிவிட்டார். 1977-ல் மசாத்லானில் மெக்சிகோ பேண்டம்வெயிட் (53.5 கிலோ வரையிலான எடைப்பிரிவு) பட்டத்துக்காக அன்டோனியோ பெசெராவிடம் தோற்றார். மொத்தக் கணக்கில் தோல்வி அந்த ஒன்றுதான். 46 சண்டையில் 44 வெற்றி, ஒரு டிரா.

1980 பிப்ரவரி 2, ஃபீனிக்ஸ் நகரம். டபிள்யூ.பி.சி. (உலக பாக்ஸிங் கவுன்சில்) ஃபெதர்வெயிட் சாம்பியன் டேனி லோபஸை எதிர்த்து ஏறியபோது சான்செஸுக்கு வயது 21. லோபஸ் எட்டு முறை பட்டத்தைக் காப்பாற்றியவர். அடி வாங்குவார், விழுவார், எழுந்து வந்து எதிராளியைச் சாய்ப்பார். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். சான்செஸ் அந்த வேடிக்கைக்கு இடமே கொடுக்கவில்லை. வா, வந்து அடி என்று விட்டுவிட்டு, வந்தவரை நிதானமாக அடித்தார். 13-வது ரவுண்டில் ரெஃப்ரி நிறுத்தினார். ஜூனில் லாஸ் வேகாஸில் மறுபடி மோதினார்கள். அது 14-வது ரவுண்டில் முடிந்தது.

நானும் காலேஜ் நாட்களில் 57 கிலோவில் ஆடியவன். தொழில்முறை ஃபெதர்வெயிட் வரம்பும் கிட்டத்தட்ட அதேதான், 126 பவுண்டு. எடை பார்க்கிற நாள் வரைக்கும் உப்பு கிடையாது, தண்ணீர் வாயை நனைக்க மட்டும், வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஓட்டம். எங்களுக்கு மூன்றே ரவுண்டுதான். மூன்றாவதில் கையைத் தூக்கினால் க்ளவுஸுக்குள் செங்கல் வைத்த மாதிரி இருக்கும். சான்செஸ் காலத்தில் பட்டச் சண்டை என்றால் 15 ரவுண்டு. 45 நிமிடம் அடிதடி, நடுவில் 14 நிமிடம் ஸ்டூலில் உட்காருவது. பத்தாவது ரவுண்டைத் தாண்டிய பிறகுதான் இந்த மனுஷன் சூடு பிடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு இவர் வீடியோவைப் போட்டால் சத்தத்தை நிறுத்திவிடுவேன். கமெண்டரி கேட்டால் அவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள். "காலைப் பாருங்கடா, பின்னங்காலை" என்பேன். எதிராளியின் ஜாப், அதாவது முன்னால் நீட்டிய கையால் போடும் நேர்க்குத்து, கிளம்பும்போது அந்தக் கால் அரை அடி பின்னால் போகும், அவ்வளவுதான். க்ளவுஸ் மூக்குக்கு முன்னால் வந்து நின்றுவிடும். அடித்தவரின் எடை முழுக்க அவருடைய முன்காலில் மாட்டிக்கொண்டிருக்கும், சட்டென்று பின்வாங்க முடியாது. அப்போது வரும் அந்த வலது கை. அதன் பின்னாலேயே பக்கவாட்டில் வளைந்து வரும் இடது ஹூக். பையன்கள் இரண்டு தடவை ரீவைண்ட் பண்ணச் சொல்வார்கள்.

எல்லோரும் கொண்டாடுவது வில்ஃப்ரெடோ கோமெஸ் சண்டையை. 1981 ஆகஸ்ட் 21, சீசர்ஸ் பேலஸ். போர்ட்டோ ரிக்கோக்காரரான கோமெஸ் அதுவரை தோற்றதே இல்லை. ஜெயித்த 32 சண்டையும் நாக் அவுட். மெக்சிகோவின் செல்லப்பிள்ளை கார்லோஸ் சாராத்தேயை 1978-ல் உட்காரவைத்தவரும் அவர்தான். அதனால் மெக்சிகோக்காரர்களுக்கு அது மானப் பிரச்சினை. முதல் ரவுண்டிலேயே கோமெஸ் கீழே. கன்ன எலும்பு முறிந்து, கண் வீங்கி மூடிக்கொண்டு, எட்டாவதில் கயிற்றோரம் சாய்ந்தார். நல்ல சண்டைதான், மறுக்கவில்லை. ஆனால் கோமெஸ் முன்னேறி வருகிற ஆள். முன்னேறி வருகிறவர் சான்செஸிடம் மாட்டினால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை.

அவருக்குத் தலைவலி கொடுத்தவர்கள் வேறு ரகம். கயானாவின் பேட்ரிக் ஃபோர்ட், இங்கிலாந்தின் பேட் கௌடெல். ஜாபை நீட்டிவிட்டு விலகி நிற்கிறவர்கள், வலைக்குள் வரமாட்டார்கள். ஃபோர்டுடன், புள்ளி போடும் மூன்று நடுவரில் ஒருவர் சமம் என்றார். கௌடெலுடன் ஒரு நடுவர் கௌடெலுக்கே கொடுத்துவிட்டார். அந்தச் சண்டையிலும் 15-வது ரவுண்டில் கௌடெலைக் கீழே தள்ளினார் பாருங்கள், அதுதான் சான்செஸ்.

அப்புறம் 1982 ஜூலை 21, மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரில் கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் பதிலாக வந்த கானா நாட்டுக்காரர், அசூமா நெல்சன். பதின்மூன்றே சண்டை ஆடியவர். அமெரிக்காவில் யாருக்கும் அவரைத் தெரியாது. ஏழாவதில் விழுந்தார், எழுந்து திரும்ப சாம்பியன் மேலேயே பாய்ந்தார். சான்செஸை அவ்வளவு நெருக்கி வேறு யாரும் அடித்து நான் பார்த்ததில்லை. 15-வது ரவுண்டு வந்தது. களைத்த சாம்பியன் கட்டிப்பிடித்து நேரத்தை ஓட்டுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர் போய் அடித்தார். நெல்சன் மறுபடி விழுந்தார், எழுந்தார், ரெஃப்ரி போதும் என்றார். எனக்கு அவருடைய சண்டைகளிலேயே உசத்தி இதுதான்.

அந்த ஆண்டு நவம்பரில் தென்கொரியாவின் கிம் டுக் கூ ரிங்கில் அடிபட்டு இறந்த பிறகு, டபிள்யூ.பி.சி. பட்டச் சண்டையை 12 ரவுண்டாகக் குறைத்தது. சரியான முடிவுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டச் சண்டைகளில் சான்செஸ் நேரம் முடியுமுன் முடித்தது ஐந்து. அதில் மூன்று, 12-ஐத் தாண்டிய பிறகு. இன்றைய விதியில் லோபஸ் இரண்டு தடவையும் நெல்சன் ஒரு தடவையும் தங்கள் காலில் நின்றபடி புள்ளிக் கணக்குக் கேட்டிருப்பார்கள்.

நெல்சன் சண்டை முடிந்து 22 நாள். ஆகஸ்ட் 12 விடியுமுன், மெக்சிகோவில் கெரெத்தாரோ பக்கத்து நெடுஞ்சாலையில் சான்செஸ் ஓட்டிய போர்ஷே கார் ஒரு லாரியில் மோதியது. ஒன்பது முறை காப்பாற்றிய பட்டம் கையில் இருக்கும்போதே போனார்.

காலியான பட்டத்தை முதலில் ஜுவான் லாபோர்ட் எடுத்தார். 1984-ல் அவரிடமிருந்து கோமெஸ் பறித்தார். அதே ஆண்டு டிசம்பரில் கோமெஸை அவர் ஊரிலேயே நாக் அவுட் செய்து நெல்சன் வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் சான்செஸிடம் தோற்றவர்கள், 1980, 81, 82 என்று இதே வரிசையில். சான்செஸை 15 ரவுண்டு படுத்திய கௌடெல்? 1985-ல் பர்மிங்ஹாமில் நெல்சன் அவரை முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டார். நெல்சன் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போட வேண்டும்.