அழித்தால் பத்து நாளில் திரும்பி வரும் என்ஜின் விளக்கு

வண்டிக்குப் பதினாறு வயது. சாவியைத் திருப்பினால் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும், இழுவையிலும் குறை இல்லை, மைலேஜ் மட்டும் லேசாக இறங்கின மாதிரி ஒரு சந்தேகம் (என் பிரமையாகவும் இருக்கலாம்). ஆனால் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் என்ஜின் விளக்கு. ஸ்கேனர் மாட்டி அழித்தால் போய்விடும், ஒரு வாரம் பத்து நாள் சமர்த்தாக இருக்கும், அப்புறம் ஏதாவது ஒரு சிக்னலில் நிற்கும்போது பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்கு மாதமாக இதே கூத்து.

விளக்கு விட்டு விட்டு மின்னினால் இப்படி மாதக்கணக்கில் இழுத்தடிக்கக் கூடாது. அது மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டே கெடுத்துவிடும். என்னுடையது மின்னாமல் நிலையாக எரிந்தது, அதனால்தான் பொறுமையாகத் தேட முடிந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ப்ளூடூத் டாங்கிளைச் செருகி போனில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரே கோளாறு கோட்: பி0171. கலவை மெலிந்துவிட்டது, அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால் சரி. அதைவிடக் காற்று கூடினால் எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும், ஒரு எல்லைக்கு மேல் கூட்ட முடியாமல் விளக்கைப் போடும்.

நான் என்ன செய்தேன்? ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினேன். காய்ச்சல் காட்டுகிறதே என்று தெர்மாமீட்டரை மாற்றின மாதிரி. பழையது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, 22 எம்எம் ஸ்பானர் போட்டு ஒரு மதியம் முழுக்கப் போராடி, என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, கையில் தோல் உரிந்து ஒருவழியாகக் கழற்றினேன். பன்னிரண்டாம் நாள் விளக்கு திரும்பி வந்தது. அடுத்து, உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தேன். அதற்கும் அசரவில்லை.

இதில் என் முட்டாள்தனம் ஒன்று உண்டு. விளக்கு வந்ததும் எரிச்சலில் முதல் வேலையாக அந்தக் கோட் எண்ணை அழித்துவிடுவேன். கோட் விழுந்த அந்த நொடியில் என்ஜின் என்ன நிலையில் இருந்தது என்பதைக் கம்ப்யூட்டர் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் எழுதி வைத்திருக்கும், கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். தடயத்தை நானே துடைத்துவிட்டுத் திருடனைத் தேடியிருக்கிறேன். நான்காவது முறைதான் புத்தி வந்து அழிப்பதற்கு முன்னால் திறந்து பார்த்தேன்: ஆர்பிஎம் 740, வேகம் 0, கூலன்ட் 91 டிகிரி, லாங் டெர்ம் ட்ரிம் +21.9, ஷார்ட் டெர்ம் +4.7. (ட்ரிம் என்பது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்; லாங் டெர்ம் பழகிப்போன திருத்தம், ஷார்ட் டெர்ம் அந்தந்த நொடித் திருத்தம்.) சூடான என்ஜின், வண்டி நிற்கிறது, ஐட்லிங்கிலேயே பெட்ரோலை 26 சதவீதத்துக்கு மேல் கூட்டி ஊற்றிக்கொண்டிருக்கிறது.

பத்து நாள் மர்மமும் அப்போதுதான் விளங்கியது. இந்தக் கோளாறு அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தெரிந்தால்தான் விளக்கு எரியும். நீண்ட சாலையில் ஓட்டின நாட்களில் கணக்கு தப்பிவிடும், நெரிசலில் நின்று நின்று போன நாட்களில் மாட்டிக்கொள்ளும்.

பிறகு நின்ற இடத்திலேயே ஒரு சோதனை. ஐட்லிங்கில் இரண்டு ட்ரிம்மும் கூட்டினால் +20க்கு மேல். ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்தேன், +5க்கு இறங்கியது. இதுதான் மொத்தக் கதையின் திருப்பம். எங்கோ ஒரு ஓட்டை வழியாக அளவையில் வராத காற்று உள்ளே போகிறது. ஐட்லிங்கில் த்ராட்டில் (காற்று நுழையும் வால்வு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் அதிகம், என்ஜினுக்கு வேண்டிய காற்றோ குறைவு, அதனால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் அது கடலில் கரைத்த பெருங்காயம். நேர்மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போக வேண்டும்.

சரி, ஓட்டை எங்கே? அரை மீட்டர் ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை ஒவ்வொரு ஹோஸ் பக்கமும் கொண்டுபோனேன். (கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கும் முறையும் உண்டு, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கும் சமாச்சாரத்தை அடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.) முதல் நாள் ஒன்றும் இல்லை, மேலே இருக்கும் ஹோஸ் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. இரண்டாம் நாள் த்ராட்டில் பாடிக்குப் பின்னால் குழாயை இறக்கினபோது பாம்பு சீறுகிற மாதிரி மெல்லிய 'ஸ்ஸ்ஸ்'. பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி மேனிஃபோல்டுக்கு இழுக்கும் குழாய்), கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளைகிற முழங்கை. என்ஜினை அணைத்துவிட்டு விரலை விட்டுத் தடவினேன். மேல்பக்கம் வழுவழுப்பு, அடிப்பக்கம் எண்ணெய் ஊறிப் பஞ்சு மாதிரி கொழகொழவென்று இருந்தது. லேசாக அழுத்தினால் ஒரு விரற்கடை நீளத்துக்கு வாய் பிளந்தது.

உடனே கழற்றவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து, போனை ஒரு கையில் வைத்துக்கொண்டு, வெடிப்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஹோஸை இடுக்கியால் நசுக்கினேன். சீறல் நின்றது. ஷார்ட் டெர்ம் ட்ரிம் இரண்டு மூன்று நொடியில் சரசரவென்று மைனஸ் 15க்குப் போனது. லாங் டெர்ம் இன்னும் பழைய நினைப்பில் அதிகமாக ஊற்றச் சொல்கிறது, ஷார்ட் டெர்ம் 'போதும் போதும்' என்று பிடித்து இழுக்கிறது. நான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம்.

இன்சுலேஷன் டேப் சுற்றினேன், எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டே நாளில் கழன்றது. நேரான ஹோஸை வெட்டி வளைத்துப் போட்டேன், வளைவில் மடிந்து அடைத்துக்கொண்டது. கடைசியில் அந்த வண்டிக்கென்றே வளைத்து வார்த்த முழங்கை வாங்கி, இரண்டு பக்கமும் புது கிளாம்ப் போட்டு மாட்டினேன்.

இந்த முறை கோடை அழிக்கவில்லை. கோளாறு தெரியாமல் மூன்று ஓட்டம் ஓடினால் விளக்கு தானாக அணையும் என்பதால் விட்டுவிட்டேன், நாலாம் நாள் காலையில் ஸ்டார்ட் ஆனதும் மற்ற விளக்குகளோடு சேர்ந்து அதுவும் அணைந்தது. ஐந்து வாரம் ஆகிறது. ஐட்லிங்கில் இப்போது +6.3, 2500இல் +2.3. விளக்கு வருகிற அளவு இல்லை, ஆனாலும் அந்த நான்கு சதவீத வித்தியாசம் உறுத்துகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸும் இன்ஜெக்டர் ஓ-ரிங்கும்தான் பாக்கி, அடுத்த ஞாயிறு ரப்பர் குழாயோடு மறுபடி இறங்குகிறேன்.