தொப்பியைத் திருப்பிப் பாக்கணும்

இங்கிலாந்துல லூட்டன்ங்கற ஊர்ல தொப்பி செய்யற வேலை பாக்கறேன்னு சொன்னா நம்ம ஆளுங்க முதல்ல கேக்கறது "இன்னுமா அங்க தொப்பி போடறாங்க?"ன்னுதான். போடறாங்க. கல்யாணத்துக்குப் போடறாங்க, சர்ச்சுக்குப் போடறாங்க, ஜூன் மாசம் ராயல் ஆஸ்கட் குதிரைப் பந்தயத்துக்குக் கண்டிப்பா போடறாங்க, அங்க ராயல் என்க்ளோஷர்ங்கற பகுதிக்குள்ள போகணும்னா தலையில வைக்கறதோட அடிப்பாகம் குறைஞ்சது 4 இன்ச் இருக்கணும்னு 2012-ல இருந்து ரூலே இருக்கு, அதனால குளிர் குறைய ஆரம்பிச்சதுல இருந்து ஜூன் வரைக்கும் எங்க வொர்க்ரூம்ல ஸ்டீம் அடங்காது. இந்த ஊர் ஃபுட்பால் டீமுக்கே ஹேட்டர்ஸ், அதாவது தொப்பிக்காரங்கன்னுதான் பட்டப்பேரு. ஒரு காலத்துல ஊர் மொத்தமும் தொப்பில பொழைச்ச இடம்.

ஜூன் முடிஞ்சதும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அப்பதான் எக்ஸிபிஷன் பாக்கக் கிளம்புவேன். ஃபேஷன், நெசவு, கூடை முடையறது, மரவேலை எதுவா இருந்தாலும் சரி. கஸ்டமர் நிறைய பேர் "உங்களுக்கு ஐடியா எங்க இருந்து வருது"ன்னு கேப்பாங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு அழகான ஷேப்பைப் பாத்து அதை வந்து செய்வோம்னு நினைக்கறாங்க போல. எனக்கு அப்படி வந்ததே இல்ல. ஷேப் எல்லாம் ஃபோன்லயே கொட்டிக் கிடக்கு. நேர்ல போய் பாக்கறது வேற ஒண்ணுக்கு, அந்தப் பொருளைச் செஞ்சவங்க எந்த இடத்துல திணறியிருப்பாங்க, அதை எப்படித் தாண்டினாங்கன்னு பாக்கறதுக்கு. அது பெரும்பாலும் உள்பக்கத்துலயும் அடிப்பக்கத்துலயும்தான் தெரியும்.

2009-ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல தொப்பி டிசைனர் ஸ்டீஃபன் ஜோன்ஸ் சேந்து அமைச்ச தொப்பி எக்ஸிபிஷன் நடந்தப்ப நான் லண்டன்ல படிச்சுக்கிட்டு இருந்தேன், தொப்பி என் தொழிலாகும்னு அப்ப நினைக்கல. 300 தொப்பிக்கு மேல வச்சிருந்தாங்க. இன்ஸ்பிரேஷன், செய்யற விதம், விக்கற கடை, போடற ஆள்னு நாலு பகுதியா பிரிச்சிருந்தாங்க, கூட்டமெல்லாம் பிரபலங்களோட தொப்பிகிட்ட நின்னுச்சு, என் கால் மட்டும் அந்த செய்யற பகுதியிலேயே நின்னுருச்சு. தொப்பிக்கு ஷேப் கொடுக்கற மர அச்சு, அதாவது பிளாக், அதுமேல இழுத்துக் குத்தி வைக்கற பின், ஸ்டீம், இவ்வளவுதானா, இதை வச்சா இத்தனையும் செய்யறாங்கன்னு இருந்துச்சு. இப்ப தினமும் அதைத்தான் செய்யறேன். ரோமத்தை அமுக்கிச் செஞ்ச ஃபெல்ட்டை ஸ்டீம்ல காட்டி, சூடா இருக்கறப்பவே பிளாக் மேல ரெண்டு கையாலயும் இழுத்து இறக்கணும், ஆறிட்டா அது உங்க பேச்சைக் கேக்காது.

2015-ல அதே மியூசியத்துல ஃபேஷன் டிசைனர் அலெக்ஸாண்டர் மெக்வீன் எக்ஸிபிஷன். அதுல தொப்பி டிசைனர் ஃபிலிப் ட்ரேசி செஞ்ச ஒரு தலை அலங்காரம், 2008 வசந்த கால கலெக்‌ஷனுக்காகப் பண்ணது, தலையைச் சுத்தி பட்டாம்பூச்சியா பறக்கும். எல்லாமே வான்கோழி இறகு. பட்டாம்பூச்சி ஷேப்புக்குக் கொண்டுவந்து, கையால பெயின்ட் பண்ணது. தூரத்துல இருந்து பாத்தா நிஜப் பூச்சின்னே தோணும். நான் தேடினது ஒவ்வொண்ணும் எப்படி நிக்குதுங்கறதை. நாங்க இறகு வேலை பண்றப்ப பெரிய தலைவலியே அதுதான், இறகு லேசானது, ஆனா மெல்லிசான கம்பி முனைல நிக்க வச்சா தலையை ஆட்டுறப்ப ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும், ஒரே நீளத்துல வச்சா பிரஷ் மாதிரி ஆயிரும். அங்க ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி, ஒண்ணு சாஞ்சு, ஒண்ணு கிட்டத்தட்ட தலைகீழா, எதுவும் எதையும் தொடாம நடுவுல காத்து போற இடம் இருந்துச்சு. அந்த இடைவெளியைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதுக்கப்புறம் எந்த இறகு வேலைன்னாலும் முதல்ல வெறும் கம்பியை மட்டும் நட்டு, அதை ஆட்டிப் பாத்துட்டுத்தான் இறகை ஒட்டறேன்.

2017-ல அங்கயே நடந்த டிரஸ் டிசைனர் பலென்சியாகா எக்ஸிபிஷன் இன்னும் ஒரு படி மேல. நிக் வீசிங்கறவர் அந்த டிரஸ்களை எக்ஸ்ரே எடுத்திருந்தார், வெளிய தண்ணி மாதிரி வழியற துணிக்குள்ள எவ்வளவு சட்டம் ஒளிஞ்சிருக்குன்னு அதுல அப்படியே தெரிஞ்சுது. எல்லா எக்ஸிபிஷன்லயும் இப்படி ஒண்ணு வைக்கணும்னு நான் ரொம்ப ஆசைப்படறேன். செய்யறவங்களுக்கு மட்டும் இல்ல, வாங்கறவங்களுக்கும் விலை ஏன் அவ்வளவுன்னு அங்க நின்னாலே புரிஞ்சிரும்.

ஆனா என் வேலையை நிஜமாவே மாத்தினது 2021-ல லண்டன் ஃபேஷன் அண்ட் டெக்ஸ்டைல் மியூசியத்துல நடந்த சின்ட்ஸ் எக்ஸிபிஷன். சின்ட்ஸ்ங்கறது நம்ம சோழமண்டலக் கரையில கையால வரைஞ்சு சாயம் போட்டு ஏத்துமதி பண்ண பருத்தித் துணி. கடுக்காயும் எருமைப்பாலும் போட்டுத் துணியைப் பதப்படுத்தி, கலம்ங்கற மூங்கில் பேனாவால கோடு இழுத்து, கறுப்புக்கு இரும்பு, சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும், நீலம் ஏறக் கூடாத இடத்துல மெழுகு பூசி அவுரில முக்கி எடுத்து, ஒவ்வொரு கலருக்கும் ஒவ்வொரு தடவை அலசி வெயில்ல போட்டு எடுத்த துணி. தோச்சாலும் சாயம் போகாது. அதுக்குத்தான் ஐரோப்பா மொத்தமும் பைத்தியமா இருந்துச்சு. பிரான்ஸ் 1686-ல தடை போட்டுச்சு, இங்கிலாந்து 1700-லயும் 1721-லயும் சட்டமே கொண்டு வந்துச்சு, உள்ளூர் நெசவு படுத்துரும்னு பயம். டச்சுக்காரங்க மட்டும் தடை போடல. அதனால அங்க நிறைய துணி பொழைச்சு நிக்குது, அந்த எக்ஸிபிஷனே நெதர்லாந்துல ஃப்ரீஸ்லாந்து பகுதி மியூசியத்துல இருந்து வந்ததுதான்.

ஃப்ரீஸ்லாந்துப் பெண்கள் 18-ஆம் நூற்றாண்டுல போட்ட பெரிய வெயில் தொப்பிங்கதான் என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு. மேல சாதாரண வைக்கோல் பின்னல். அடியில, பிரிம்ங்கற சுத்து விளிம்பு முழுக்க, நம்ம சின்ட்ஸ் துணில லைனிங். சிவப்புப் பூ, நீல இலை, கொடி. வெளிய வைக்கோலும் உள்ள தோட்டமுமா இருக்கு. நான் குனிஞ்சு, அப்புறம் முட்டி போட்டே பாத்தேன், பக்கத்துல இருந்தவங்க விலகி இடம் விட்டாங்க. சோழமண்டலத்துல யாரோ ஒருத்தர் வெயில்ல குத்தவச்சு வரைஞ்ச கொடி, கடல் தாண்டிப் போய் ஒரு பொண்ணோட முகத்தைச் சுத்திப் படர்ந்திருக்கு. வரைஞ்சவர் பேரு எங்கயும் கிடையாது. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு, அதைச் சொல்றதுல வெக்கம் இல்ல.

அப்பறம் தொழில் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது. தொப்பியில முகத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற இடம் எது? பிரிம்மோட அடிப்பக்கம். அதைத்தான் நாம காலியா விடறோம். பூ, ரிப்பன், இறகு எல்லாம் மேல ஏத்தறோம். அடியில இருக்கற கலர் வெளிச்சத்துல முகத்துல விழும், வெளிறின பச்சை வச்சா ஆள் காய்ச்சல்ல எழுந்து வந்த மாதிரி தெரிவாங்க, லேசான ஆரஞ்சோ மஞ்சளோ வச்சா முகம் பளிச்சுன்னு ஆயிரும், நம்ம நிறத்துக்கு மஞ்சள் கலந்த கலர் எதுவுமே அடியில ரொம்ப எடுப்பா இருக்கும். அதோட உயரம். உயரமான பொண்ணு போட்டா எதிர்ல நிக்கறவங்களுக்கு அடிப்பக்கம்தான் தெரியும், குள்ளமா இருந்தா கிரவுனோட, அதாவது தலையை மூடற மேல்பாகத்தோட, உச்சிதான் தெரியும். இப்ப நான் ஆர்டர் எடுக்கறப்ப தலை அளவுக்கு முன்னாடி உயரத்தைக் கேக்கறேன், ஹீல்ஸோட எவ்வளவுன்னும் கேக்கறேன்.

செய்யறது லேசான வேலை இல்ல. லைனிங் துணியை கிராஸா, அதாவது இழைக்குக் குறுக்குச் சாய்வா, வெட்டணும், நேரா வெட்டினா வளைவுல சுருக்கம் விழும். லேசா ஈரம் காட்டி பிரிம் பிளாக் மேல இழுத்துப் பின் குத்தி, ராத்திரி முழுக்க காய விடணும். உள் வட்டத்துல சின்னச் சின்னதா கத்தரி வெட்டு கொடுத்து மேல மடிச்சு, அதை மறைக்க பீட்டர்ஷம்ங்கற வரி வரியான ரிப்பன் தைக்கணும். பிரிம் ஓரத்துல போற கம்பியோட ஜாயின்ட் நடு முதுகுப் பக்கம் வரணும். பூ டிசைன் உள்ள துணின்னா எந்தப் பூ நெத்திக்கு மேல வருதுன்னு வெட்டறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும், அப்புறம் நகத்த முடியாது. கம்ல ஒட்டினா பாதி நேரத்துல முடிஞ்சிரும், ஆனா வெயில்ல கம் இளகி துணி தொங்கும், அதனால எங்க வொர்க்ரூம்ல கை தையல் மட்டும்தான். எங்க சீனியர் அம்மா ஒருத்தங்க, சின்ன வயசுல இருந்தே லூட்டன் ஃபேக்டரில வேலை பாத்தவங்க, முதல் தடவை நான் செஞ்சதைத் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, அவங்களோட பழைய தையல் ஊசி ஒண்ணை எடுத்து என் மேஜைல வச்சுட்டுப் போனாங்க.

ஒரு விஷயம் மியூசியங்ககிட்ட எனக்கு வருத்தம்தான். தொப்பியை முகமே இல்லாத கட்டை மேல, கண் மட்டத்துல வச்சுடறாங்க. முகம் இல்லாம தொப்பி பாதிதான். அடியில ஒரு கண்ணாடியாவது வைக்கலாம். இப்ப ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு, 2025 மே கடைசில லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்னு திறந்தாங்க, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தோட கிடங்கே அது, அங்க யார் வேணும்னாலும் ஒரு தடவைக்கு அஞ்சு பொருள் வரைக்கும் முன்கூட்டியே புக் பண்ணி பக்கத்துல உக்காந்து பாக்கலாம், காசு கிடையாது. என்னை மாதிரி ஆளுக்கு இதை விட என்ன வேணும். தொப்பி எதையாவது கேக்கறதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, பழைய ஃபெல்ட் தொப்பில பாதரசம் இருக்கலாம், அந்தக் காலத்துல முயல் ரோமத்தைப் பதப்படுத்த பாதரசக் கலவையைத்தான் போட்டாங்க, எத்தனையோ தொழிலாளிங்களுக்கு கை நடுங்கி நரம்பு கெட்டதே அதனாலதான். கிளவுஸ் போடச் சொன்னா முகம் சுளிக்காம போட்டுக்கங்க.

கிராஃப்ட் எக்ஸிபிஷன் இன்னொரு வகை. அங்க செஞ்சவங்களே மேஜைக்குப் பின்னாடி நிப்பாங்க, தொட விடுவாங்க, கேள்வி கேட்டா சந்தோஷப்படுவாங்க. பிளாக் செதுக்கறவங்களைப் பாத்தா நான் நகரவே மாட்டேன். தொப்பி பிளாக் செய்யற தொழில் பிரிட்டன்ல அழியற நிலைமைல இருக்கற கைவினைப் பட்டியல்ல இருக்கு, பிளாக் இல்லன்னா நாங்க இல்ல.

லூட்டன்லயே வார்டவுன் ஹவுஸ் மியூசியம் இருக்கு, அங்க வைக்கோல் பின்னல் சமாசாரங்களைப் பாக்கறப்ப நான் அதிகமா நிக்கறது வைக்கோல் கிழிக்கற சின்னக் கருவிகிட்டதான். ஒரு விரல் நீளம் கூட இருக்காது. வைக்கோல் தண்டை அதுல சொருகித் தள்ளினா நீளவாக்குல ஒரே அளவு பட்டையா பிரிஞ்சுரும். நெப்போலியன் போர் சமயத்துல இத்தாலில இருந்து மெல்லிசு பின்னல் வர்றது நின்னுபோனப்பதான் இந்தக் கருவி பரவுச்சு. சுத்துப்பட்டு கிராமங்கள்ல பொம்பளைங்களும் நாலு வயசுக் குழந்தைங்களும் பின்னினாங்க, வைக்கோலை வாயில வச்சு ஈரமாக்கிப் பின்னி உதடெல்லாம் புண்ணாகும், 20 கஜம் சேந்தா ஒரு கட்டுன்னு விப்பாங்க. அப்புறம் சீனாவுல இருந்தும் ஜப்பான்ல இருந்தும் விலை கம்மியா பின்னல் வந்து இறங்கினதும் 19-ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள எல்லாம் போச்சு.

அந்தக் கருவியைப் பாத்தப்பதான் பத்தமடைப் பாய் ஞாபகம் வந்துச்சு. அங்கயும் இதே வேலைதான, கோரையைத் தாமிரபரணித் தண்ணில ஊறப்போட்டு, இழை இழையா கிழிச்சு, பட்டு மாதிரி மெல்லிசா நெய்யறாங்க, மடிச்சுக் கையில வச்சுக்கலாம். அதுல பிரிம் பண்ண முடியுமான்னு இந்த சீசன் முடிஞ்சதுல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். ஊர்ல இருந்து அக்கா கோரை அனுப்பி வச்சா. பாயா நெய்ததை பிளாக்ல இழுக்க முடியல, நெசவு வளைய மாட்டேங்குது, அதனால கோரையை மட்டும் எடுத்து ஏழு இழைப் பின்னலா பின்னி, லூட்டன் முறைல சுத்திச் சுத்தித் தைக்கறேன். கிரவுன் நல்லா வந்திருக்கு. பிரிம் ஓரத்துல கம்பியைச் சுத்தித் திரும்பற இடத்துல மட்டும் இழை முறியுது. குளிர்ந்த தண்ணிக்குப் பதிலா வெதுவெதுப்பான தண்ணில ஊறப்போட்டா பரவால்லாம வருது, அடுத்து ஸ்டீம்ல காட்டிக்கிட்டே தைச்சுப் பாக்கப் போறேன். அடியில என்ன துணின்னு மட்டும் முடிவாயிருச்சு, மஞ்சள்.