ஷெட் டு ஷெட் தூத்துக்குடி

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டு வாசலில் நின்று வாடகைக் கார் டிரைவரோடு கணக்குப் போட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்று ஒழுங்காக எழுத நினைத்தேன், முடியுமா தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் காலத்து ஊர் ஒன்றைக் காட்ட வேண்டும். புதுச்சேரி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ரூம் போட வேண்டும், பட்ஜெட் தாங்காது. தரங்கம்பாடியும் தூரம். கடைசியில் தூத்துக்குடி. மதுரையிலிருந்து 140 கிலோமீட்டர், அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நால்வழிச் சாலை. "உப்பளமும் துறைமுகமும் தவிர அங்க என்னப்பா இருக்கு?" என்று அம்மா கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் பனிமய மாதா பேராலயம். போர்ச்சுகீசியர் காலத்தில் தொடங்கிய கதை. மாதா சிலை 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்கிறார்கள், இப்போதுள்ள கோயில் 1713-ல் எழுந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், 1658-லேயே ஊரை டச்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள், அவர்கள் கத்தோலிக்கர்களும் இல்லை, அப்படியிருந்தும் அவர்கள் கண் முன்னாலேயே இவ்வளவு பெரிய மாதா கோயிலைப் பரதவர்கள் எழுப்பிவிட்டார்கள். டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று 1750-ல் ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். நாங்கள் போன நேரம் அதன் கேட் பூட்டியிருந்தது, வெளியே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

ஊரைப் பிடித்தது டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? வி.ஓ.சி.! அதே ஊரில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டு வெள்ளைக்காரக் கம்பெனியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட நம் சிதம்பரனாரும் வி.ஓ.சி. தான். இப்போது துறைமுகமே அவர் பெயரில். மகனிடம் சொன்னேன், "அப்ப ரெண்டு பேரும் சொந்தக்காரங்களாப்பா?" என்றான்.

பழைய துறைமுகத்துப் பக்கம் தோணிகளைப் பார்த்தோம். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள். வெயில் மண்டையைப் பிளந்தது, பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

மதியம் சாப்பிட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் வஞ்சிரம் என்று சொல்லித் தட்டில் ஒரு விரல் கனத்துக்கு வைப்பார்களே, அதை அங்கே சீலா என்கிறார்கள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, அதோடு புளிப்பும் காரமும் சண்டை போடாத மீன் குழம்பு. சைவச் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் பாராட்டாத என் மனைவியே இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினாள். சாயங்காலம் பரோட்டாவும் சால்னாவும். பரோட்டாக் கடைக்கு அங்கே நைட் கிளப் என்று பெயர், முதலில் கேட்டதும் அம்மா பதறிப்போனார்கள்.

அப்புறம் மக்ரூன். முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான், வாயில் போட்டால் காணோம். விலையைக் கேட்டதும் ஒரு கிலோ என்று நினைத்திருந்தது கால் கிலோ ஆனது. டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், காற்றுப் பட்டால் நமுத்துப்போகும்.

இனி அந்தக் கணக்கு. 300 கிலோமீட்டர் வரை 3,500 ரூபாய், மேலே போனால் கிலோமீட்டருக்கு 14, டிரைவர் பேட்டா தனி என்று பேச்சு. வீட்டிலிருந்து போய் ஊரைச் சுற்றிவிட்டு வந்தது 297. அவர் சொன்னது 342. கேட்டால், "ஷெட் டு ஷெட் சார்." அதாவது, வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி ஷெட்டுக்குப் போய்ச் சேரும் வரை நம் கணக்கு. ஷெட் திருமங்கலம் பக்கத்திலாம்! புக் பண்ணும்போது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சரி, 588 ரூபாய் அது. டோலில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. எலியார்பத்தியிலும் புதூர் பாண்டியாபுரத்திலும் போகும்போது பிடித்த தொகையையே திரும்பியதற்கும் எழுதியிருந்தார். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரண்டாவது தடவை பாதிதானே பிடிக்கும்? டோல் பிடித்ததற்கு வந்த மெசேஜைக் காட்டுங்கள் என்றேன். "அது ஓனர் போனுக்குத்தான் சார் போகும்."

அரை மணி நேரம் பேசி டோலில் மட்டும் குறைத்தேன். ஷெட்டுக்குக் கொடுத்துத்தான் அனுப்பினேன். இதற்கு நடுவில் அம்மா உள்ளே போய் டப்பாவைத் திறந்து, "தம்பி, ராத்திரி வெறும் வயித்தோட வண்டி ஓட்டாதப்பா" என்று நாலு மக்ரூனை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். கால் கிலோவில் நாலு!