வின்னிபெக் குளிருக்கு எந்த சைடிங்: வினைலா, ஃபைபர் சிமெண்டா?

கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி இரவு மைனஸ் 30 தொடும், ஜூலைப் பகல் 30 தொடும். வெளிச்சுவரை மூடும் பலகையான சைடிங் அத்தனையையும் தாங்க வேண்டும். வீட்டுக்குள் கதகதப்பு வேண்டும் என்று சைடிங்கை மாற்றாதீர்கள். அது இன்சுலேஷனின் வேலை, இந்த இரண்டாலும் ஆகாது.

வினைல் ஒரு பிளாஸ்டிக், அதற்கு அசைய இடம் வேண்டும். பன்னிரண்டரை அடிப் பலகை குளிருக்கும் வெயிலுக்கும் இடையில் அரை அங்குலமோ அதற்கு மேலுமோ நீளம் மாறும். ஆணித்துளை நீளவாட்டில் இருப்பது அதற்குத்தான். துளையின் நடுவில் ஆணி, ஆணித்தலைக்கு அடியில் 1/32 அங்குல இடைவெளி. அடித்தபின் பலகையைக் கையால் தள்ளிப் பாருங்கள். நகராவிட்டால் கோடையில் அலையலையாக நெளியும். பலகை முனை செருகும் ஓரச்சட்டமான ஜே-சேனலுக்குள் 1/4 அங்குலம் இடைவெளி விடுவது வழக்கம். 4 டிகிரிக்குக் கீழே வேலை நடந்தால் 3/8 வேண்டும், ஏனென்றால் பலகை அப்போதே சுருங்கிக் கிடக்கிறது. கடுங்குளிரில் ஏணி இடித்தாலே விரிசல் விடும். பார்பிக்யூ அடுப்பைப் பக்கத்தில் வைத்தால் உருகும்.

ஃபைபர் சிமெண்ட், அதாவது நார் கலந்த சிமெண்ட் பலகை, அப்படி நீளாது, எரியாது. அதற்கு எமன் தண்ணீர். ஊறி, உறைந்து, உருகி, மறுபடி உறைந்தால் ஓரங்கள் ஏடு ஏடாகப் பெயரும். ஆகவே தரையிலிருந்து 6 அங்குலம், கூரை, டெக் (வீட்டை ஒட்டிய திறந்த மேடை), நடைபாதையிலிருந்து 2 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். டெக்கில் மாதக்கணக்கில் பனி கிடக்கும் ஊரில் 2 அங்குலம் எனக்குப் போதாது, 4 கேட்பேன். ஜேம்ஸ் ஹார்டி நிறுவனத்தின் பலகை வாங்கினால் குளிர்ப் பிரதேசத்துக்கான எச்இசட்5 வகைதானா என்று பாருங்கள். பலகைகள் முட்டும் இடத்தில் இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசையை நம்பாமல் பின்னால் ஃப்ளாஷிங் துண்டு (தண்ணீரை வெளியே வழியவிடும் தகடு) வைக்கச் சொல்லுங்கள். ஆணித்தலை பரப்போடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே புதைந்தால் அங்கே பிடிப்பு போச்சு. பலகைக்குப் பின்னால் 3/8 அங்குல மரச்சட்டம் அடித்துக் காற்றுக்கு வழி விடுவது வீண்செலவே இல்லை. வினைல் தளர்வாகத் தொங்குவதால் அந்த வழி அதற்குத் தானாகவே அமைகிறது.

ஃபைபர் சிமெண்டில் 12 அடிப் பலகை சுமார் 20 பவுண்டு. படுக்கவைத்துத் தூக்கினால் முறியும், நீள ஓரம் கீழே வரும்படி நிறுத்திப் பிடித்து இருவர் தூக்க வேண்டும். அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது. சொந்தமாக வேலை செய்கிறவர்களுக்கு வினைலே லேசு.

ஆள் வைத்து ஃபைபர் சிமெண்ட் போடுவதானால், விலை பேசும்போதே ஒன்று கேளுங்கள்: வெட்டிய முனைகளுக்கு எப்போது பெயின்ட் அடிப்பீர்கள்? சுவரில் ஏற்றுமுன் என்று பதில் வர வேண்டும். ஏற்றியபின் மறைந்த முனைக்குப் பிரஷ் எட்டாது.