கனலெட்டோவின் கோடும் செம்புத் தகடும்

வெனிஸ் ஓவியர் கனலெட்டோவின் எட்சிங் (செம்புத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுக்கும் அச்சுப்படம்) ஒன்றில் இத்தாலியின் பாதுவா நகரத்து சாந்தா ஜுஸ்தீனா தேவாலயமும் அதன் முன்னால் பரந்த வெட்டவெளியும் இருக்கின்றன. 1775இல் வெனிஸ் அதிகாரி ஆந்திரேயா மெம்மோ அங்கே கால்வாய் வெட்டிச் சிலைகள் வைக்கத் தொடங்குவதற்கு முந்தைய தோற்றம் இது.

பட்டறையில் இதை நகலெடுக்க உட்காருபவர்கள் முதலில் நிழலைக் கறுப்பாக்கத்தான் பார்ப்பார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கீறுவார்கள். கனலெட்டோ அப்படிச் செய்வது குறைவு. அவருடைய கோடுகள் பெரும்பாலும் ஒரே போக்கில், லேசாக நடுங்கி, விட்டுவிட்டு ஓடும். வெயிலுக்கு வெறும் காகிதம். நிழலில் கோடுகள் நெருங்கும், அவ்வளவுதான். அந்த இடத்தின் அமைதியே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதை அடைத்துவிட்டால் படம் போயிற்று.

ஒன்றரை மில்லிமீட்டர் செம்புத் தகடு போதும். ஓரங்களை 45 பாகைக்கு அரம் போட்டுச் சாய்க்காவிட்டால் பிரஸ்ஸில் காகிதம் கிழியும். சாக்பொடியும் அமோனியாவும் தேய்த்துக் கழுவும்போது தண்ணீர் முத்துமுத்தாகத் திரளக் கூடாது, படலமாக வழிய வேண்டும். எண்ணெய்ப் பசை மிஞ்சினால், அரிப்பிலிருந்து செம்பைக் காக்கும் மெழுகுப் பூச்சு அங்கே உரியும். வானத்தில் கரும்புள்ளிகள் விழும். தேன்மெழுகு, அஸ்பால்ட் (கறுப்பு நிலக்கீல்), ரோசின் (பைன் மரப் பிசின்) கலந்த பூச்சைச் சூடான தகட்டில் மெல்லிசாக உருட்டி, மெழுகுத்திரிப் புகையில் கறுக்கவிட வேண்டும்.

அச்சில் இடம் வலமாகும் என்பதால், மென்பென்சிலில் வரைந்த தாளை ஈரப்படுத்தி, பூச்சின் மேல் கவிழ்த்து பிரஸ்ஸில் ஒருமுறை ஓட்டினால் கோடுகள் இடவலம் மாறிப் பதியும். ஊசியால் அவற்றைத் தொடரலாம். பூச்சை மட்டும் கீறினால் போதும், செம்பைத் தோண்ட வேண்டாம்.

கீறிய இடத்தில் செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் (அடர்த்தி 42 போமே அளவு) தகட்டை நிறுத்தி வைக்க வேண்டும். மல்லாக்கப் போட்டால் கசடு கோட்டுக்குள் படிந்து அரிப்பு மந்தப்படும். தொலைவுக் கோடுகளை ஏறக்குறைய 15 நிமிடத்தில் வார்னிஷால் மூடிவிட்டு, முன்புறத்தை 45 நிமிடம் வரை விடலாம். குளிர்நாளில் இன்னும் கொஞ்சம் கூடும். மிக நெருங்கிய கோடுகளை அதிகம் அரிக்கவிட்டால் நடுவிலுள்ள செம்புச் சுவர் கரைந்து பள்ளமாகிவிடும். அகன்ற பள்ளத்தில் மை நிற்காது. துடைக்கும்போது வழித்துக்கொண்டு போகும். அடர் கறுப்பு வர வேண்டிய வாசல் நிழல் சாம்பலாக வருவது இதனால்தான். மையைக் கூட்டினாலும் அது தீராது.

பூச்சை நீக்கி மை பூசிய தகட்டைத் துடைப்பதில் அவசரம் ஆகாது. டார்லட்டன் என்ற விறைப்பான வலைத் துணியால் துடைத்த பிறகு, சாக்பொடி தொட்ட உள்ளங்கையால் வானத்தை மட்டும் தனியாகத் துடைக்க வேண்டும். பருத்திக் காகிதத்தை ஊறவைத்து ஒற்றியெடுத்தபின், மேலே ஈரம் மினுங்கக் கூடாது. மினுங்கினால் மை ஒட்டாது; காய்ந்துவிட்டாலோ மெல்லிய கோடுகள் பாதியில் அறுந்து வரும்.